வீட்டில் எத்தனை பேர்

"எங்க கொண்டு போகணும்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா. வண்டி ரெடியா நிக்குது" என்றார் பரமசிவம்.

சிங்கப்பூரில் ஒரு பிணவறையின் பின்வாசல். பரமசிவம் ஈமக்காரியங்களை எடுத்துச் செய்து கொடுப்பவர். ஒரு காதில் தொலைபேசி ஒட்டிக்கொண்டிருக்க, மறு காதை இவர்களுக்குக் கொடுத்திருந்தார். உள்ளே தள்ளுவண்டியில் உமாமகேஸ்வரியின் தம்பி ஞானசேகரன் கிடந்தான். கொஞ்சம் முன்புதான் அவள் உள்ளே போய் முகத்தைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. நேற்றுக் காலை, கேலாங்கில் ஒரு வாடகை அறையில், படுத்த வாக்கில் இருதயம் நின்றுபோயிருந்தது. போலீஸ் வந்து, இங்கே கொண்டுவந்து, சோதித்துப் பார்த்து, சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று இப்போது கொடுக்கிறார்கள்.

"நேரா மண்டாய் தகனச்சாலைக்கே போயிடலாம்" என்றாள் மங்களம். உமாவின் கணவன் பிரபாகருக்கு அக்கா. தோ பாயோவிலிருந்து முதல் டாக்ஸியில் வந்து சேர்ந்தவள். "அங்கேயே ஹால் இருக்குல்ல? சாமி கும்பிட்டு இன்னைக்கே முடிச்சிடலாம். எதுக்கு இழுத்துக்கிட்டு?"

"வீட்டுக்குக் கொண்டு வாங்க" என்றாள் உமா. "செங்காங்."

பரமசிவம் பிரபாகரின் முகத்தைப் பார்த்தார். இந்தத் தொழிலில் கடைசி வார்த்தை ஆம்பிளையிடமிருந்து வரும் என்பது அவர் அனுபவம். பிரபாகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மங்களம் உமாவின் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள். "நாளைக்கு என்ன கிழமை? பதினோரு மணிக்கு தத்து விஷயமா அந்தப் பொண்ணு வீடு பாக்க வருது. கீழ பொணத்த வச்சுக்கிட்டு மேல வீடு காட்டுவியா?"

"வேற நாள் கேக்கலாம், அண்ணி."

"என்ன சொல்லிக் கேப்ப? யாரு செத்தான்னு சொல்லுவ? வீட்ல ரெண்டே பேருன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. இப்ப மூணாவதா ஒருத்தன் செத்துட்டான்னு சொல்லப் போறியா?" மங்களம் குரலைத் தாழ்த்தினாள். நிஜமான நிம்மதியோடு சொன்னாள்: "ஏதோ அம்மன் புண்ணியம், நம்ம வீட்டுக்குள்ள நடக்கல."

உமா அவள் கையை எடுத்து விலக்கினாள். பரமசிவத்திடம் திரும்பினாள். பிளாக் எண்ணைச் சொன்னாள், தெருப் பெயரைச் சொன்னாள், எந்த மின்தூக்கிப் பக்கம் கூடாரம் போட வேண்டும் என்பதையும் சொன்னாள். பலதுறை மருந்தகத்தில் பதிவு முகப்பில் உட்கார்ந்து நாளெல்லாம் முகவரி கேட்பவள் அவள். தன் முகவரியை இப்படி ஒருவர் முகத்தில் அடிப்பதுபோல் சொன்னது அதுதான் முதல் முறை.

*

ஹோம் ஸ்டடி என்ற சொல் இந்த வருஷத் தொடக்கத்தில் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு சமூக சேவை ஊழியர் வருவார். கணவன் மனைவியோடு பேசுவார். வீட்டில் இருக்கிற எல்லாரோடும் பேசுவார். பிறகு அறிக்கை எழுதுவார். அது சரியாக அமைந்தால்தான் மேற்கொண்டு எந்தப் பேச்சும். விளக்கக் கூட்டத்தில் இதை ஒருமுறைக்கு இருமுறை சொன்னார்கள். உமாவும் பிரபாகரும் முன்வரிசையில் உட்கார்ந்துதான் கேட்டார்கள். ஆனால் இரண்டு பேர் காதிலும் நின்றது வீடு என்ற ஒரு சொல்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அதிகாரிகள் வந்து தரையைத் தட்டிப் பார்ப்பார்களே, கூரையில் ஒழுகல் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒன்று என்று முடிவு கட்டிக்கொண்டார்கள்.

"வீட்ட என்னக்கா படிக்கிறது?" என்று அப்போது கேட்டான் தம்பி சேகர். "செவுத்துல என்னா எழுதி வச்சிருக்கோம்?"

ஆனாலும் வீடு பரீட்சைக்குத் தயாரானது. மருந்து அலமாரிக்குப் பூட்டு. மேசை முனைகளுக்கு ரப்பர் உறை. மங்களம் சனிக்கிழமை தவறாமல் வந்து, குளியலறை ஓடுகளின் இடுக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். முட்டி வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே தேய்த்தாள். உமாவுக்குக் கரு தங்காமல் போன ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு மீன் சூப் தூக்கிக்கொண்டு வந்தவளும் அவள்தான். அவளை வெறுப்பது அவ்வளவு சுலபமில்லை. அதுதான் உமாவுக்குப் பெரிய தொந்தரவு.

இராச் சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை நடக்கும். சேகர்தான் சமூக சேவை ஊழியர். உமாவின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கரண்டியோடு உட்காருவான்.

"மிஸ்டர் பிரபாகர், யூ ஸ்நோர் ஆர் நாட்?"

"ஒழுங்கா கேளுடா" என்பான் பிரபாகர்.

"ஆன்சர் தி குவஸ்டின் லா, மச்சான். பிள்ளை ராத்திரி அழுதா யாரு எந்திரிப்பா?"

"நான்தான்."

"பொய். மார்க் கட். இவரு பக்கத்துல ஃபயர் அலாரம் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டாரு, மேடம். சரி, நெக்ஸ்ட். பிள்ளைக்குக் காது குத்துறப்ப யாரு மடியில உக்கார வைப்பீங்க?"

"இதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்கடா" என்றாள் உமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கேக்கணும்க்கா! அதான் மெயின் கேள்வியே. எழுதிக்குங்க: தாய்மாமன் மடி. ஆல்ரெடி புக்டு."

பிரபாகருக்குப் புரையேறியது. அவன் அப்படிச் சிரித்து உமா பார்த்ததே குறைவு.

சேகர் இருபதுகளின் தொடக்கத்தில் போதைப்பொருள் வழக்கில் உள்ளே போய் வந்தவன். அம்மா அப்பா அதற்குள் போய்விட்டிருந்தார்கள். வெளியே வந்த நாளிலிருந்து அக்கா வீட்டுச் சின்ன அறைதான் அவனுக்கு வீடு. காய்கறி லாரி ஓட்டினான். விடிவதற்கு முன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் ஏற்றி, தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் இறக்கிவிட்டு, மதியம் வந்து தூங்குவான். பிறகு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. சாலையைக்கூடப் பச்சை மனிதன் விளக்கு எரிந்த பிறகுதான் கடப்பான். அவன் இருந்த அறையைத்தான் பிள்ளைக்கு என்று ஒதுக்கினார்கள். அவன் கூடத்தில் படுத்துக்கொள்வதாகப் பேச்சு. சுவருக்கு மஞ்சள் அடித்தவனும் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மங்களம் தட்டில் கையை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத உமா. கேஸ் உள்ள ஆள் வீட்ல இருக்கான்னு தெரிஞ்சா, ஃபைல அப்படியே மூடிடுவாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு."

"யாருக்கு?" என்றாள் உமா.

"ஒருத்திக்கு. பேரா முக்கியம்?"

பிரபாகர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பிரபாகர் ஒன்றும் சொல்லாவிட்டால் விஷயம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகியும் சேகர் வெளியே வராமல் இருந்ததை உமா கவனித்தாள்.

மறுநாள் அவன்தான் வந்து சொன்னான். "அக்கா, கொஞ்ச நாள் நான் வெளிய இருந்துக்கறேன். கேலாங்ல நம்ம ஜாஃபர் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. அந்தம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும். பிள்ளை வந்ததும் வந்துடறேன். என்ன இப்ப?"

உமா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமல் கேட்டாள்: "எத்தன சட்ட எடுத்துட்டுப் போற?"

அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவன் போன மறுநாள் தத்தெடுப்பு அலுவலகத்தில் முதல் நேர்காணல். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நாங்க ரெண்டு பேர்தான்" என்றான் பிரபாகர். அன்றைய தேதிக்கு அது பொய்யுமில்லை. அப்படிப் பொய்யில்லாமல் இருக்கும்படி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார்கள். உமா தலையாட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த சமூக சேவை ஊழியர், இளம்பெண் ஷபானா, அதை எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனாள்.

*

பிளாக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நீலக் கூடாரத் துணியைச் சுற்றிக் கட்டி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாயிற்று. தூண்களில் பெயரும் அம்புக்குறியும் ஒட்டினார்கள். தேக்காவிலிருந்து மாலைகள் வந்தன. படம்தான் கிடைக்கவில்லை. ஹோம் ஸ்டடிக்காக அலமாரித் தட்டிலிருந்த எல்லாவற்றையும் மங்களம் எடுத்து எங்கேயோ கட்டி வைத்திருந்தாள். கடைசியில், உமாவின் கல்யாணப் படத்திலிருந்து சேகரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார் பரமசிவம். படத்தின் ஓரத்தில் பிரபாகரின் பட்டுச்சட்டைத் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவரா?" என்றாள் நாலாம் மாடி மலாய்க்காரப் பெண்மணி. ஆங்கிலத்தில், அதிர்ச்சியோடு. இவர் ஊருக்குப் போய்விட்டார் என்றல்லவா நினைத்தேன், திடீரென்று பார்க்கவே முடியவில்லையே என்றாள். உமா என்ன சொல்வாள்? ஆமாம், நாங்கள்தான் காணாமல் போகச் செய்தோம் என்றா?

வேலை முடிந்து நேராக வந்தான் ஜாஃபர். நாகூர்க்காரன். சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேற்பார்வை பார்ப்பவன். கையில் சேகரின் பை. அதை உமாவிடம் கொடுக்கத் தயங்கிக்கொண்டே நின்றான்.

"காலைல எழுப்பினேங்க்கா. லாரிக்கு நேரமாச்சுண்ணேன்னு காலைத் தட்டினேன். சில்லுன்னு இருந்துச்சு."

"சாப்ட்டானா? ராத்திரி?"

"சாப்ட்டாரு. எந்நேரமும் அக்கா வீட்டுப் பேச்சுத்தான். எப்பண்ணே வீட்டுக்குப் போவீங்கன்னு கேட்டா, பெயிண்ட் வாசம் இன்னும் போகலடா, எனக்கு மூச்சு வாங்குது, அதான் அக்கா அங்கேயே இருன்னு சொல்லியிருக்குன்னுவாரு." ஜாஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்ன பெயிண்டுக்கா அது? ரெண்டு மாசமாவா வாசம் அடிக்கும்?"

உமாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவன் திட்டியிருக்கலாம். என் அக்கா ஒரு சுயநலக்காரி, கெடு வைத்து வெளியே அனுப்பிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். அந்த அறைக்குள் யாரோ ஒரு பையனிடம்கூட அவளை விட்டுக்கொடுக்காமல் பெயிண்ட் மேல் பழி போட்டிருக்கிறான். யார் கேட்டது இந்தப் பெருந்தன்மையை?

பின்வரிசையில் பிரபாகரின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் குசுகுசுப்பது காதில் விழுந்தது. தத்துப் பிள்ளை என்ன ஆச்சாம்? எந்த இனத்துப் பிள்ளையாம்? இந்தச் சமயத்தில் இப்படி ஆகிவிட்டதே, ராசி இல்லாத பிள்ளையோ? இன்னும் யாரென்றே தெரியாத, முகம்கூடப் பார்க்காத ஒரு பிள்ளைமேல் அதற்குள் ராசி பார்க்கிறார்கள். உமா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் கச்சான் கடலையைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

பிரபாகரைத் தேடிப் போனாள். கூடாரத்துக்கு வெளியே, மிதிவண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தான்.

"ஷபானாகிட்ட சொல்லிட்டீங்களா? நாளைக்கு வர வேணாம்னு?"

"ம்" என்றான்.

*

மறுநாள் காலை ஈமச் சடங்கு செய்யும் பண்டாரம் வந்து, குடங்களையும் தேங்காயையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பிற்பகல் மண்டாயில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். உமா பெட்டியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை பின்னவில்லை.

தலையை மறைத்து வெளிர்ச் சாம்பல் நிறத்தில் முக்காடு, தோளில் பெரிய பை. தூணில் ஒட்டியிருந்த பெயரைப் படித்துவிட்டு மின்தூக்கிப் பக்கம் விலகி நடந்து போன அந்தப் பெண்ணை முதலில் பார்த்தது மங்களம்தான். பார்த்தவள் பாதி ஓட்டமாகப் போனாள்.

"வாங்க வாங்க, பிரபாகர் வீட்டுக்குத்தானே? நான் அவன் அக்கா. மேல போயிடலாம், வாங்க."

"இங்க யாரோ..." என்றாள் ஷபானா, கூடாரத்தைப் பார்த்து.

"அது பக்கத்து வீட்டுப் பையன். பாவம், சின்ன வயசு. நீங்க வாங்கம்மா, லிப்ட் வந்துருச்சு."

பக்கத்து வீட்டுப் பையன்.

உமா எழுந்தாள். வெறுங்காலோடு, விரித்த தலையோடு, நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்தாள். யாரோ ஒருவர் காலை மிதித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. மின்தூக்கிக் கதவு மூடப் போனதைக் கையால் தடுத்தாள்.

"ஷபானா, அது பக்கத்து வீட்டுப் பையன் இல்ல. என் தம்பி."

"உமா, சும்மா இரு" என்றாள் மங்களம்.

"என் கூடப் பொறந்த தம்பி. பேரு ஞானசேகரன். இந்த வீட்லதான் இருந்தான். வருஷக்கணக்கா இருந்தான்."

ஷபானா வெளியே வந்தாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சாரி உமா. எனக்கு யாருமே சொல்லல. மெசேஜ்கூட வரல. நான்..." தூணில் இருந்த பெயரை மறுபடி பார்த்தாள். "உங்க வீட்ல ரெண்டு பேர்தான்னு..."

"சொன்னோம். நீங்க எங்கள பேசக் கூப்பிட்டதுக்கு மொத நாள் அவன வெளிய அனுப்பிட்டுத்தான் சொன்னோம். அவன் மேல ஒரு பழைய கேஸ் இருந்துச்சு. ட்ரக்ஸ். எப்பவோ. அது தெரிஞ்சா பிள்ளை கிடைக்காதுன்னு அனுப்பிட்டோம். கேலாங்ல ஒரு ரூம்ல செத்துக் கிடந்தான்."

கூடாரத்துக்குள் பேச்சு நின்றுபோனது. பண்டாரம் வெற்றிலையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசலாமா?" என்றாள் ஷபானா மெதுவாக.

"எதுக்குத் தள்ளி? தள்ளி வச்சதெல்லாம் போதும். இங்கேயே பேசுங்க. கேஸ் உள்ளவன் வீட்ல இருந்தா பிள்ளை குடுக்க மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

ஷபானா பையைக் கீழே வைத்தாள். "அப்படி ஒரே வார்த்தைல சொல்ல முடியாது. என்ன கேஸ், எப்ப நடந்தது, இப்ப எப்படி இருக்கார்னு கேப்போம். அவரோட உக்காந்து பேசுவோம். பேசிட்டுத்தான் எழுதுவோம். கஷ்டமா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனா வெளிய அனுப்பிடுங்கன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, உமா. யாரு சொன்னா?"

உமா வாயைத் திறந்தாள். மங்களம் தன் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டிவிடலாம். ஆபீஸ்ல ஒருத்தி, பேரில்லாத ஒருத்தி. அவ்வளவுதான் ஆதாரம். அதை நம்பியது யார்?

"யாரும் சொல்லல" என்றாள். "நீங்க கேக்காததுக்கு நாங்களே பதில் சொல்லிட்டோம்."

ஷபானா தலையைக் குனிந்து, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் ஆங்கிலத்துக்கு மாறினாள். "ஸோ ஹீ வுட் ஹாவ் பீன் தி சைல்ட்ஸ் அங்கிள்."

"அங்கிள் இல்ல!"

உமாவின் குரல் தூண்களில் மோதித் திரும்பியது. எதிர் பிளாக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல யாருதான் அங்கிள் இல்ல? டாக்ஸி ஓட்டுறவரு அங்கிள். கோப்பி கலக்குறவரு அங்கிள். குப்பை அள்ளுறவரு அங்கிள். இவன் தாய்மாமன். மொட்டை போட, காது குத்த இவன் மடிலதான் உக்காரணும். பிள்ளைய யாராவது ஒரு வார்த்தை சொன்னா சட்டையப் பிடிக்க இவன்தான் வரணும். அதுக்கு வேற ஆளு வாடகைக்குக் கெடைக்காது. எங்க அம்மா வயித்துல மிச்சம் இருந்தது இவன் ஒருத்தன். அவன வீட்ட விட்டு அனுப்பிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஃபேமிலி ரெடியா இருக்குன்னு உங்களுக்குக் காட்ட மேசைக்கு ரப்பர் ஒட்டி வச்சிருக்கோம். நீங்களும் வந்து மருந்து அலமாரி பூட்டியிருக்கான்னு பாப்பீங்க. பூட்டித்தான் இருக்கு. போய்ப் பாருங்க!"

ஷபானாவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வையைத் திருப்பவில்லை.

"தெரியும்" என்றாள். "எங்க வீட்ல தாய்மாமன மாமுன்னு சொல்லுவோம்."

"உமா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிரபாகர். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. ஈரத் துண்டை இடுப்பில் சுற்றியிருந்தான். "மிஸ் ஷபானா, ரெண்டு பேருன்னு சொன்னது நான். இவ சொல்லல. நேத்து உங்களுக்கு மெசேஜ் அனுப்பிட்டேன்னு இவகிட்ட சொன்னேன். அதுவும் அனுப்பல. யாரு செத்ததுன்னு போடணும்ல. அத எழுத வரல எனக்கு." துண்டை இறுக்கிக்கொண்டான். "மூணு பேர் இருந்தோம்."

"டேய், நீ என்னடா கோலம் இது?" என்று மங்களம் அவன் ஈரத் துண்டைப் பார்த்துப் பதறினாள். "மச்சான்காரன் கொள்ளி வைக்கக் கூடாதுடா. முறை இல்ல. பண்டாரத்தக் கேளு. பங்காளி யாராவது..."

"யாருக்கா இருக்கா? காட்டு."

மங்களம் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாலாம் மாடிப் பெண்மணி, லாரி கம்பெனி ஆட்கள், ஜாஃபர், கச்சான் தட்டோடு அந்த இரண்டு பேர். அவள் பார்வை எங்கேயும் நிற்காமல் திரும்பி வந்தது. பண்டாரம் தொண்டையைக் கனைத்தார்.

"யாரும் இல்லாத எடத்துல யார் மனசோட வராங்களோ அவங்க வைக்கலாம்" என்றார். அது சாத்திரமா, அல்லது நேரமாகிறதே என்ற அவசரமா என்று யாரும் கேட்கவில்லை. பிரபாகர் போய்ப் பெட்டியின் கால்மாட்டில் நின்றான்.

ஷபானா உமாவிடம் வந்தாள். "இன்னைக்கு வீடு பாக்க வேணாம்."

"இன்னொரு நாள் இருக்கா?"

"நான் மட்டும் சொல்ல முடியாது. இதெல்லாம் நான் எழுதித்தான் ஆகணும், உமா. மறைச்சதையும் சேத்து."

"எழுதுங்க" என்றாள் உமா. "பேரோட எழுதுங்க. கேஸ் உள்ள ஆள்னு எழுதாதீங்க."

ஷபானா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பண்டாரம் மணியை எடுத்துவிட்டார்.

தண்ணீர் எடுத்து வந்து ஊற்றினார்கள். வாய்க்கரிசி போட வரிசை நின்றது. ஜாஃபர் ஓரமாக நின்று, கையேந்தித் தனக்குத் தெரிந்த துவாவை ஓதிக்கொண்டான். மங்களம் வரிசையில் கடைசியாக வந்தாள். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். நேரமாகிறது என்று யாரோ சொன்ன பிறகும் நகரவில்லை. உமாதான் அவள் கையைப் பிடித்து அவன் வாய்க்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் மங்களம் உடைந்து, "அப்பா, சேகர்" என்று கத்தினாள். அந்த அழுகை உமாவின் கோபத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. ஆனாலும் பிடித்த கையை அவள் விடவில்லை.

பெட்டியை ஏற்றினார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு பேருந்து. உமா சன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜாஃபர், பையை இன்னும் யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்தான். முன்னால் சவ வண்டி மெதுவாகக் கார்நிறுத்துமிடத்திலிருந்து திரும்பியது.

கூடாரக்காரர்கள் அதற்குள் நீலத் துணியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். சாயங்காலம் வேறு எங்கோ கூடாரம் கட்ட வேண்டியிருந்திருக்கும். இரண்டு ஆட்கள் சிவப்பு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, வரிசை வரிசையாகக் காலி செய்துகொண்டே வந்தார்கள். நடு வரிசையில் ஒரே ஒரு நாற்காலியில் ஷபானா உட்கார்ந்திருந்தாள். முன்னே பிரிக்காத ஒரு பாக்கெட் பானம். பையை மடியில் போட்டு, அதன் மேல் தாளை வைத்து எதையோ எழுதுவதும், நிறுத்துவதும், அடிப்பதும், மறுபடி எழுதுவதுமாக இருந்தாள். நாற்காலி அடுக்குகிறவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் நிமிரவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனான்.